காற்றுக்குக் காத்திருந்த துறைமுகங்கள்

சிங்கப்பூரின் மரினா விரிகுடாவில் 2012-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பிரயாணிகள் துறையிலிருந்து மாலை வேளையில் புறப்பட்டு, கிள்ளான் துறைமுகத்திலும் பினாங்கிலும் தாய்லாந்தின் புக்கெட் தீவிலும் தலா ஒரு பகற்பொழுது நின்று, சில இரவுகளுக்குள் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடும் உல்லாசக் கப்பல்கள், வெளிநாட்டு விடுமுறை என்றால் விமானமும் ஓட்டலும் என்றே எண்ணியிருந்த நம்மவர் பலருடைய அபிலாஷையை இப்போது தம் பக்கம் திருப்பியிருக்கின்றன. இன்னும் சற்று வசதியுள்ளோர், அதே சிங்கப்பூரிலிருந்து பாங்காக், சைகோன், டானாங், ஹா லாங் விரிகுடா என்று வியட்நாம் கரை நெடுகத் தொட்டுச் செல்லும் இரண்டு வார யாத்திரைகளை மேற்கொள்கிறார்கள். இந்தப் பிரயாணங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் கப்பலைப் பற்றியே மிகுதியாக எழுதுகிறார்கள். அது நிற்கும் ஊர்களைப் பற்றி எழுதுவது சொற்பம். ஊர்களின் பக்கம் நின்று இந்த விஷயத்தைச் சற்று ஆராய வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஓர் எண்ணம்.

கப்பற் பிரயாணத்தின் சௌகரியங்களைக் குறைத்துப் பேசுவது நியாயமாகாது. முழங்கால் வலியால் அவதிப்படும் தாயாரையும், சக்கர நாற்காலியை விட்டு எழ இயலாத தகப்பனாரையும் அழைத்துக்கொண்டு, ஊருக்கு ஊர் பெட்டிகளைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக, ஒவ்வொரு விமான நிலையத்திலும் வரிசையில் நின்று, மூன்று நாடுகளைப் பார்த்து வருவது எத்தகைய சிரமம் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். அறைக்குள் ஒருமுறை பெட்டியை வைத்துவிட்டால், ஒவ்வொரு காலையிலும் ஜன்னலுக்கு வெளியே புதியதொரு கரை தோன்றுகிற வசதி வயோதிகர்களுக்கும் குழந்தைகளுக்கும் பெரியதொரு வரம். மலாக்கா ஜலசந்தியில் சூரியோதயத்துக்குச் சற்று முன்னதாக மேல்தளத்துக்கு வந்து, ஒருபுறம் சுமாத்திராவின் திசையில் இன்னும் இருளும், மறுபுறம் மலாய்க் கரையின் மலைகளுக்குப் பின்னால் செம்மையும் பரவியிருக்க, நடுவே வரிசையாக நகர்ந்து செல்லும் சரக்குக் கப்பல்களின் விளக்குகளைப் பார்த்தவர் எவரும் அந்தக் காட்சியை எளிதில் மறக்க மாட்டார். உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒரு குடும்பம் அந்த இன்பத்தை விலை கொடுத்து வாங்கினால், அதில் ஆட்சேபிக்க யாருக்கும் அதிகாரமில்லை. சொகுசைப் பற்றி எனக்கு வழக்கு இல்லை. நேரத்தைப் பற்றித்தான் வழக்கு.

ஒரு துறைமுகத்தில் இத்தகைய கப்பல் நிற்கும் நேரம் சாதாரணமாக எட்டு மணி முதல் பத்து மணி வரை. அதிலும் பிரயாணி கரையில் கழிக்கும் நேரம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பாங்காக் என்று அட்டவணையில் அச்சிட்டிருப்பினும் பெரிய கப்பல்கள் சாவோ பிரயா நதிக்குள் நுழைவதில்லை. அவை தாய்லாந்து வளைகுடாவின் கீழ்க்கரையில், நகரத்துக்கு நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள லேம் சபாங் சரக்குத் துறைமுகத்தில் நிற்கின்றன. சைகோன் என்பது ஃபூ மீ. அங்கிருந்து நகரத்துக்குப் பஸ்ஸில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். கோலாலம்பூர் என்பது கிள்ளான் துறைமுகம். போகவும் வரவும் வழியிலேயே நான்கு மணி நேரம் கழிந்து, கப்பல் புறப்படுவதற்கு ஒரு மணி முன்னதாகவே ஏறிவிட வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தால், ஒரு மகா நகரத்துக்காக எஞ்சியிருப்பது ஒரு கோயில், ஒரு கடைத்தெரு, ஒரு பகற் சாப்பாடு ஆகியவற்றுக்குப் போதுமான அவகாசம்தான். பாங்காக்கைப் பார்த்தேன் என்று அந்தப் பிரயாணி ஊருக்குத் திரும்பிச் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் பாங்காக் அவருக்குத் தன்னைக் காட்டவில்லை.

இப்படி அவசரப்படுத்துவது எதனால்? இரவில் பிரயாணம் செய்து பகலில் ஊர் பார்ப்பதே வசதி என்று நிறுவனங்கள் சொல்கின்றன. அதில் உண்மையில்லாமல் இல்லை. துறையில் நிற்கும் நேரத்துக்கேற்பக் கட்டணமும் ஏறுகிறது. ஆனால் பிரதான காரணம் வேறு. கப்பல் துறையில் கட்டப்பட்டிருக்கும் வரையில் அநேக நாடுகளில் அதன் சூதாட்ட மண்டபத்தைத் திறக்கலாகாது. வரியில்லாப் பண்டங்களை விற்கும் கடைகளையும் திறக்கலாகாது. கரையை விட்டு விலகிச் சர்வதேசக் கடலுக்குள் சென்ற பிறகுதான் அவற்றின் கதவுகள் திறக்கின்றன. டிக்கெட் விற்ற பணத்தோடு, பிரயாணி ஏறிய பிறகு மதுவுக்கும், விளையாட்டுக்கும், மஸாஜுக்கும், இன்டர்நெட்டுக்கும், விசேஷ போஜனத்துக்கும் செலவிடும் பணமும் சேர்ந்துதான் இந்தத் தொழில் லாபகரமாக நடைபெறுகிறது. ஆகவே மூவாயிரம் பிரயாணிகள் ஓர் இரவு முழுவதும் பினாங்கின் வீதிகளில் சாப்பிட்டு, அங்கேயே பணத்தைச் செலவழித்துக்கொண்டிருப்பது கப்பல் நடத்துகிறவருக்கு நஷ்டம். பகலில் ஊர் சுற்றிப் பார்க்கும் ஏற்பாட்டைக்கூடக் கப்பலிலேயே விற்று, அதில் ஒரு பங்கை நிறுத்திக்கொண்டு மீதியையே உள்ளூர் ஏஜெண்டுக்குக் கொடுக்கிறார்கள். மாலை ஐந்து மணிக்குச் சங்கு ஊதுவதன் காரணத்தைக் கடலின் ஏற்றவற்றத்தில் மட்டும் தேடினால் கிடைக்காது. கணக்குப் புத்தகத்திலும் பார்க்க வேண்டும்.

இந்த அவசரம் எனக்கு வருத்தத்தைத் தருவதற்குக் காரணம், இந்த ஊர்கள் அனைத்தும் காத்திருந்ததனாலேயே உண்டானவை என்பது. நீராவி இயந்திரம் வருவதற்கு முன்பு கடலில் எஜமானன் காற்று. தென்மேற்குப் பருவக்காற்றில் பாய் விரித்து வங்கக் கடலைக் கடந்து வந்த சோழமண்டலக் கரை வணிகன், வடகிழக்குக் காற்று தொடங்கும் வரை ஊர் திரும்ப முடியாது. வடகிழக்குக் காற்றில் சீனத்திலிருந்து இறங்கி வந்த ஜங்குக் கப்பல்களோ தென்மேற்குக் காற்றுக்குக் காத்துக் கிடக்க வேண்டும். இப்படி இரு திசையிலிருந்தும் வந்து, திரும்பும் வழி அடைபட்டு, மாதக்கணக்கில் ஒரே கரையில் தங்க நேர்ந்த அந்நியர்கள், சரக்குகளை வைக்கப் பண்டசாலையும், வழிபடக் கோயிலும் பள்ளிவாசலும், சமைக்க அடுப்பும், பேசிப் பழக ஒரு பொது மொழியும், காலக்கிரமத்தில் மனைவி மக்களும் தேடிக்கொண்டதன் விளைவுதான் மலாக்கா என்னும் நகரம். 1511-இல் அதைப் போர்ச்சுகீசியர் கைப்பற்றிய சில ஆண்டுகளுக்குள் அங்கே வாழ்ந்த தோமே பிரெஸ் என்பவர், அந்தத் துறையில் எண்பத்து நான்கு பாஷைகள் பேசப்பட்டன என்று எழுதி வைத்திருக்கிறார். அயல்நாட்டு வணிகரை விசாரித்து இடமும் வரியும் நிர்ணயிக்க நான்கு துறைமுக அதிபர்கள் இருந்ததையும், அவர்களுள் குஜராத்தியருக்கென்றே ஒருவர் இருக்க, தமிழகக் கரையிலிருந்தும் வங்கத்திலிருந்தும் பெகுவிலிருந்தும் வந்தவரை மற்றொருவர் கவனித்ததையும் அவர் நூலிலிருந்தே அறிகிறோம்.

அவ்வாறு தங்கிப்போனவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் மலாக்காவில் இருக்கிறார்கள். உள்ளூர்ப் பெண்களை மணந்து, மலாயையே தாய்மொழியாகக் கொண்டு, உடையிலும் உணவிலும் மலாய் வழக்கத்தைத் தழுவி, வழிபாட்டில் மட்டும் சைவ நெறியை விடாமல் காத்துவரும் மலாக்காச் செட்டிகளைப் பற்றித்தான் சொல்கிறேன். 1781-இல் அவர்கள் எழுப்பிய பொய்யாத விநாயகர் ஆலயத்துக்கு ஒரு சில அடி தூரத்தில் கம்போங் கிளிங் பள்ளிவாசலும், அதையடுத்துச் சீனரின் செங் ஹூன் தெங் கோயிலும் ஒரே தெருவரிசையில் நிற்கின்றன. மலாக்காவின் கரை ஆழமற்றது; பெரிய கப்பல் தூரத்திலேயே நங்கூரமிட்டு, சிறு படகுகளில் பிரயாணிகளை இறக்க வேண்டும். அதற்கே காலைப்பொழுதின் ஒரு பகுதி போய்விடுகிறது. பிறகு டச்சுக்காரர் கட்டிய சிவப்புக் கட்டடங்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவருக்கு அந்தத் தெருவரிசை கண்ணில் படுவது தற்செயலைப் பொறுத்தது.

வியட்நாமிலுள்ள ஹோய் ஆன் நகரத்தின் வரலாறும் இதுவே. பதினாறாம் பதினேழாம் நூற்றாண்டுகளில் ஜப்பானியரும் சீனரும் ஆண்டின் தொடக்கத்துக் காற்றில் வந்து, மாதக்கணக்கில் சந்தை நடத்தி, கோடைக் காற்றில் திரும்பினார்கள். அந்த இடைக்காலத்துக்காக அவர்கள் அமைத்த வீடுகளும், சீனத்தின் ஒவ்வொரு மாகாணத்தாரும் தனித்தனியே எழுப்பிய சபைக் கட்டடங்களும், ஜப்பானியப் பாலமும் இன்று நாம் பார்க்கும் ஊர். 1635-இல் ஜப்பானிய அரசு தன் பிரஜைகள் கடல் கடப்பதைத் தடை செய்தது; பிற்காலத்தில் ஆறும் மணலால் தூர்ந்துபோக, வர்த்தகம் டானாங்குக்குப் பெயர்ந்தது. தூர்ந்த ஆறுதான் ஊரைக் காப்பாற்றியது என்று சொல்ல வேண்டும். இல்லாவிடில் பழைய வீடுகளை இடித்துக் கிடங்குகள் கட்டியிருப்பார்கள். இன்று உல்லாசக் கப்பல்கள் நிற்பதும் டானாங்கில்தான். அங்கே 1919-இல் திறக்கப்பட்ட சம்பா சிற்பக் காட்சிச்சாலை ஒன்று இருக்கிறது. சிவலிங்கங்களும், நடனமாதரும், யாளிகளும், பிரெஞ்சு அறிஞர்கள் மீ சோன் முதலிய ஸ்தலங்களிலிருந்து கொண்டுவந்து சேர்த்த பிற சிற்பங்களும் நிறைந்த அந்த மண்டபத்தில், வடமொழிச் சாசனங்கள் பொறித்துச் சிவனுக்கு ஆலயம் எடுத்த சம்பா அரசர்களின் ஆயிரமாண்டுச் சரித்திரம் கல்லாகக் கண்முன் நிற்கிறது. மீ சோன் கோயில்களில் பல 1969-இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் சிதைந்தன. எஞ்சியவற்றைப் பழுதுபார்க்கும் பணியில் நம் இந்தியத் தொல்பொருள் துறையினரும் பங்கு பெற்றிருக்கிறார்கள். ஒரே பகலில் டானாங்கும் ஹோய் ஆனும் மீ சோனும் என்று அட்டவணை போட்டால், மூன்றில் ஒன்றையாவது மனத்தில் பதியும்படி பார்க்க முடியுமா?

கப்பல் ஏறுகிற இடமான சிங்கப்பூரிலேயே, வந்தவர்கள் தங்கியதால் ஊர் உருவானதற்கு நல்லதோர் உதாரணம் இருக்கிறது. இன்று உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே உள்ளடங்கிக் கிடக்கும் தெலுக் ஆயர் வீதி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்து நிலமாக்கும் வரை, கடற்கரையாகவே இருந்தது. அந்தக் கரையில் வந்து இறங்கிய தமிழ் முஸ்லிம்கள் 1827-இல் ஒரு குடிசையில் தொடங்கிய தொழுகையிடம் குச்சுப் பள்ளி என்று பெயர் பெற்றது. அதற்கடுத்த சில ஆண்டுகளிலேயே நாகூர் ஆண்டகையின் நினைவாக ஒரு தர்கா எழுந்தது. ஃபூஜியன் மாகாணச் சீனர்கள் கடல் கடந்து உயிருடன் வந்து சேர்ந்தமைக்காக நன்றி செலுத்தக் கடற்தெய்வமான மாசுவுக்குக் கட்டிய கோயில் அதற்கருகே 1842-இல் நிறைவுற்றது. 1819-இல் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை தொடங்கிவைத்த மாரியம்மன் கோயிலும் அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. பிரயாண அபாயத்திலிருந்து பிழைத்தவர்கள் முதலில் செய்த காரியம் தெய்வத்தை வணங்கியதும், இரண்டாவதாகச் செய்தது குடியேறியதும் ஆகையால், அந்த ஒரு வீதி அந்நகரத்தின் ஜாதகம் என்றே கூறலாம். மரினா விரிகுடாத் துறையிலிருந்து அது வெகு தூரமில்லை. கப்பல் ஏறப் போகிறவர்களில் எத்தனை பேர் அங்கே ஒரு மணி நேரம் செலவிடுகிறார்கள்!

பினாங்கைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் இந்த வழித்தடத்தில் தமிழருக்கு அதைப் போல் நெருங்கிய உறவுடைய துறை வேறில்லை. 1786-இல் ஃபிரான்சிஸ் லைட் ஆங்கிலக் கொடி நாட்டிய நாள்தொட்டு அங்கே தமிழகக் கரையிலிருந்து சூலியா வணிகரும், படகோட்டிகளும், சுமைதூக்குவோரும், பின்னாளில் நாட்டுக்கோட்டை நகரத்தாரும் வந்து நிறைந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், குவீன் வீதியில் 1833-இல் அமைந்த மகாமாரியம்மன் கோயிலும், ஒரு தடியின் இரு முனைகளிலும் சோறும் கறியும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து துறைமுகத் தொழிலாளருக்கு விற்ற தமிழ் முஸ்லிம்களின் நாசி கண்டார் என்னும் உணவும் அவர்கள் விட்டுச் சென்ற சுவடுகள்.

அவர்களுக்குப் பின் வந்தவர்களை ஏற்றி வந்த கப்பல்களுள் ராஜுலா என்ற பெயர் தமிழ்நாட்டின் கடற்கரை மாவட்டங்களில் இன்னும் மறக்கப்படவில்லை. 1926-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்டு, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியாரால் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் செலுத்தப்பட்ட அந்தக் கப்பல் ஒன்பதாயிரம் டன்னுக்கும் குறைந்த கொள்ளளவுள்ளது. ஆயினும் கட்டப்பட்டபோது அதற்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பிரயாணிகளை ஏற்றிச் செல்ல அனுமதி இருந்தது. இன்று அதே ஜலசந்தியில் ஓடும் உல்லாசக் கப்பல் ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்டது. அதில் பிரயாணிகள் மூவாயிரத்துச் சொச்சம். இந்த இரண்டு கணக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தால், திறந்த தளத்தில் பாய் விரித்து, பக்கத்தில் தகரப் பெட்டியை வைத்துக்கொண்டு, மழையிலும் வாந்தியிலும் ஒரு வாரத்தைக் கழித்து, பினாங்கில் இறங்கியதும் ஜெரஜா தீவின் தொற்றுத் தடுப்பு முகாமுக்கு அனுப்பப்பட்ட நம் முன்னோரின் நிலை ஒருவாறு விளங்கும். ராஜுலா 1973-இல் ஓய்ந்தது. அதற்குப் பின் ஓடிய சிதம்பரம் கப்பல் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றிப் பல உயிர்களைப் பலிகொண்டதோடு அந்தக் கடல்வழியும் அடைபட்டது. அந்தக் கப்பல்களில் சென்றவர்களுக்கு அந்தத் துறைகள் வேடிக்கை பார்க்கும் இடங்களாக இருக்கவில்லை. பலர் தங்கள் சாம்பலையும் அங்கேயே விட்டார்கள்.

அவர்களுடைய பேரர்கள் இன்று விமானத்தில் சிங்கப்பூர் சென்று, பளிங்குத் தரையுள்ள கப்பலில் ஏறி அதே கரையில் இறங்குகிறார்கள் என்பது மகிழத்தக்க மாறுதல். ஆனால் கப்பல் வந்த நாட்களில் பினாங்கின் ஜார்ஜ் டவுன் வீதிகளில் நான் கண்ட காட்சி அவ்வளவு மகிழ்ச்சி தரவில்லை. ஸ்வெட்டன்ஹாம் துறை ஊருக்கு உள்ளேயே இருப்பதால் பினாங்கில் பஸ் பிரயாணம் மிச்சம். அது பெரிய அதிர்ஷ்டம். இறங்கியவர்களோ 2012-இல் ஒரு லித்துவேனிய ஓவியர் ஆர்மீனியன் வீதியின் சுவரில் தீட்டிய சைக்கிள் குழந்தைகளின் முன்னால் நீண்ட வரிசையில் நிற்கிறார்கள். அந்தப் பக்கம் சீனக் குலத்தார் கடல்மேல் மரக்கால் ஊன்றிக் கட்டி வாழும் குடியிருப்புகளில் நுழைந்து, அடுத்தவர் வீட்டுக் கூடத்தைப் படம் பிடிக்கிறார்கள். படம் எடுக்காதீர் என்று அங்கே வீட்டுக்கு வீடு எழுதி வைத்திருப்பதன் காரணம் இதுதான். அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் மாரியம்மன் கோயில் வாசலில் அமர்ந்து பூத்தொடுக்கும் முதியவளிடம், உங்கள் குடும்பம் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டு வந்தது என்று கேட்டால் அரைநாள் பேசுவாள். அந்த அரைநாள் நம் பிரயாணியிடம் இல்லை.

இதனால் ஊருக்கு விளையும் தீமையும் உண்டு. மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் 2008-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. அதற்கு முன்பே, பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கியதால், தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த தட்டாரும் கூடை முடைவோரும் சிறு கடைக்காரரும் ஜார்ஜ் டவுனின் பழைய வீடுகளிலிருந்து வெளியேறத் தொடங்கியிருந்தார்கள். பாரம்பரிய அந்தஸ்து வந்த பிறகு அந்த வீடுகள் காப்பிக் கடைகளாகவும் விடுதிகளாகவும் மாறின. ஓர் ஊரில் இரண்டு நாள் தங்குகிறவன் காலையில் இட்டலிக் கடையையும், தையற்காரனையும், மருந்துக் கடையையும் நாடுவான். அவனால் உள்ளூர்த் தொழில் பல பிழைக்கும். மூன்று மணி நேரம் நிற்கிறவனுக்கு வேண்டியது ஒரு குளிர்பானமும், காந்தம் ஒட்டிய ஒரு பொம்மையும்தான். அவனுடைய தேவைக்கேற்ப ஒரு வீதி தன்னை மாற்றிக்கொண்டுவிட்டால், பிறகு நிதானமாகப் பார்க்க வருகிறவனுக்கும் அங்கே எதுவும் மிஞ்சுவதில்லை. இதுவே எனக்குள்ள பெரிய அச்சம்.

கப்பலுக்குள் உழைப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்லாமல் விடுவது தர்மமாகாது. படுக்கையைத் தட்டிப் போடுகிறவரும், இரவு பதினொரு மணிக்குத் தட்டுகளைத் துடைக்கிறவரும் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா ஆகிய தேசத்தவர். ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தத்தில், வார விடுமுறை என்பதே இல்லாமல் வேலை செய்கிறவர்கள். 2013-இல் அமலுக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, ஏழு நாட்களில் 72 மணி வேலை என்னும் உச்சவரம்பையோ, 77 மணி ஓய்வு என்னும் குறைந்த வரம்பையோ ஒரு நாடு கைக்கொள்ளலாம் என்கிறது. ஒரு வாரத்தின் 168 மணியில் 77-ஐக் கழித்தால் மீதி 91. அத்தனை மணி நேரமும் வேலை வாங்க அந்த இரண்டாவது விதி இடம் தருகிறது. கப்பல் எட்டு மணி நேரமே நிற்கும் துறையில் அவர்களுக்குக் கரையில் கால் வைக்கக் கிடைப்பது ஓரிரு மணி. அந்த நேரத்தை அவர்கள் வீட்டாருடன் போனில் பேசுவதில் செலவிடுகிறார்கள். இரவு தங்கும் கப்பலில் இவர்களுக்கும் சற்று மூச்சு விட முடியும்.

துறைமுகம் என்றால் என்ன என்பதை உலகத்துக்கு உணர்த்திய ஒரு சம்பவம் 2020 பிப்ரவரியில் நடந்தது. ஹாங்காங்கிலிருந்து புறப்பட்ட வெஸ்டர்டாம் என்னும் கப்பலை, அதில் நோயாளி எவரும் இருப்பதாகத் தெரியாத நிலையிலும், கொரோனா பீதியால் பிலிப்பைன்ஸ், தைவான், ஜப்பான், குவாம், தாய்லாந்து ஆகியவற்றில் எதுவும் அண்டவிடவில்லை. சமாதான காலத்தில் மாலை போட்டு வரவேற்ற கரைகளெல்லாம் கதவடைத்த பிறகு, கம்போடியாவின் சிஹானூக்வில் துறை அந்த மாதம் 13-ஆம் தேதி அதற்கு இடம் கொடுத்தது. அந்தப் பிராந்தியத்தின் ஏழ்மையான நாடுகளில் ஒன்று செய்த காரியம் அது. அதில் அரசியல் கணக்கு இருந்தது என்று சொல்வோர் உண்டு, இருக்கலாம். ஆயினும் அலைந்து வந்த கலத்துக்கு ஒதுங்க இடம் கொடுப்பது என்னும் துறையின் ஆதிதர்மத்தை அது நிறைவேற்றியது. அத்தகைய ஆபத்துக் காலத்தில் துறையிடம் அடைக்கலம் எதிர்பார்ப்பவர், நல்ல காலத்தில் அதற்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் கொடுக்கத் தயங்குவது நன்றியாகாது.

உள்ளூர் அரசாங்கங்கள் என்ன செய்யலாம்? கெடுபிடி செய்தால் கப்பல் வேறு துறைக்குப் போய்விடும் என்ற பயத்தில் ஒன்றோடொன்று போட்டியிட்டுக் கட்டணத்தைக் குறைப்பதே இதுவரை நடந்து வருகிறது. கட்டுப்படுத்தினால் வருமானம் போய்விடும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் குறைவு என்பதைத் தாய்லாந்தே நிரூபித்திருக்கிறது. ஃபீ ஃபீ தீவுகளிலுள்ள மாயா விரிகுடாவை, படகுக் கூட்டத்தால் பவளப்பாறைகள் நாசமானதைக் கண்டு, 2018 ஜூனில் மூடி, 2022 ஜனவரியில்தான் மீண்டும் திறந்தார்கள்; படகுகள் விரிகுடாவுக்குள் நுழையக்கூடாது, ஒரு வேளைக்கு இத்தனை பேர்தான் என்று விதியும் செய்தார்கள். கருமுனைச் சுறாக்கள் திரும்பி வந்தன. யாத்திரிகர்களும் திரும்பி வந்தார்கள். துறைகளுக்கும் அத்தகைய விதி சாத்தியமே. ஒரே நாளில் இரண்டு பெரிய கப்பல்களை அனுமதிக்காமலிருப்பதும், இரவு தங்கும் கப்பலுக்குத் துறைக்கட்டணத்தில் சலுகை தருவதும், மாலையே ஓடிவிடும் கப்பலுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கூடுதலாக வாங்கி அதைப் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கச் செலவிடுவதும் சட்டத்தால் செய்யக்கூடிய காரியங்கள். மலேசியாவும் தாய்லாந்தும் வியட்நாமும் கூடிப் பேசி ஒரே விதியை வகுத்தால், ஒன்றை விட்டு ஒன்றுக்கு ஓடும் சூழ்ச்சிக்கு இடமிராது.

சிறிய கப்பல்களால் இது இப்போதே நடக்கிறது என்பதையும் குறிப்பிட வேண்டும். சில நூறு பேரே செல்லும் கப்பல்கள் சைகோன் ஆற்றில் நகரத்தின் நடுவரையிலும், சாவோ பிரயாவில் குளோங் தோய் வரையிலும் சென்று, ஓரிரு இரவுகள் நின்று புறப்படுகின்றன. அவற்றின் கட்டணம் நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாது. ஆனால் பெரிய கப்பல்களிலும் வியட்நாமில் ஓர் இரவு நிற்கும் யாத்திரைகள் உண்டு. அவற்றைத் தேடித் தேர்ந்தெடுக்கலாம்.

ஆகவே இந்த ஆண்டு விடுமுறைக்குக் கப்பலில் இடம் பதிவு செய்யப் போகிறவர்களிடம் என் வேண்டுகோள் இது. ஜன்னல் உள்ள அறையா, பால்கனி உள்ள அறையா என்று விசாரிப்பதற்கு முன்னால், ஒவ்வொரு துறையிலும் கப்பல் எத்தனை மணி நேரம் நிற்கிறது, அங்கிருந்து ஊர் எவ்வளவு தூரம், எங்காவது இரவு தங்குகிறதா என்று ஏஜெண்டிடம் கேளுங்கள். சிங்கப்பூருக்கு இரண்டு நாள் முன்னதாகவே சென்று தெலுக் ஆயர் வீதியில் நடந்து பாருங்கள். பினாங்கில் இறங்கினால் கப்பலில் விற்கும் சுற்றுலாச் சீட்டை வாங்காமல், குவீன் வீதிக்கு நடந்து சென்று, அங்குள்ளவர்களிடம் தமிழிலேயே பேசி, அவர்கள் கடையிலேயே சாப்பிடுங்கள். பெற்றோரைக் கப்பலின் சௌகரியத்துக்காக அழைத்துச் செல்கிறவர்கள், திரும்பும் பாதையில் மலாக்காவிலோ பினாங்கிலோ மூன்று நாள் தனியே தங்குவதற்கும் திட்டமிடுங்கள். நான்கு துறைகளைத் தொடும் யாத்திரையும் இரண்டு துறைகளில் தங்கும் யாத்திரையும் ஒரே விலையில் கிடைத்தால், இரண்டில் தங்குவதையே எடுத்துக்கொள்ளுங்கள்.